சம்மாந்துறைப் பட்டறையில் எங்கள் மிசின் பெட்டிக்குச் செய்வித்த பரிசோதனை: ஒரு போகம் ஓடிய பின் எழுதும் மதிப்பீடு

உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டி இழுக்கும் பெட்டி உடைந்தால் ஒட்டித் தருவதற்கு மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஊருக்கு ஊர் பட்டறை உண்டு. அதே பெட்டியின் அடிச்சட்டத்தைக் கழுவி, சுரண்டி, தட்டி, அளந்து, எங்கே வெடித்திருக்கிறது என்பதையும் இனி எங்கே வெடிக்கக்கூடும் என்பதையும் உரிமையாளருக்குக் காட்டிவிட்டு, அதன் பிறகே வெல்டிங் வேலையைத் தொடங்கும் பட்டறை ஒன்றைச் சென்ற பெரும்போக அறுவடையின்போதுதான் நான் முதன்முதலாகக் கண்டேன். அது சம்மாந்துறையில், நெல் ஆலைகள் உள்ள பக்கத்தில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, அங்குள்ள ஆலைக்காரர்களிடம் பெட்டி வேலை செய்யும் பட்டறை எது என்று கேட்டால் வழி காட்டுவார்கள். வேலை முடிந்த கையோடு புகழ்ந்து எழுதுவதில் பயனில்லை என்பதால், சிறுபோகம் முழுவதும் பாரம் ஏற்றி ஓட்டிப் பார்த்த பின்பே இதை எழுதுகிறேன்.

எங்கள் வயல் வெல்லாவெளிப் பக்கம். மெஸி 240 உழவு இயந்திரமும், 10 அடி நீளமும் 6 அடி அகலமும் கொண்ட இரண்டு சில்லுப் பெட்டியும் வைத்திருக்கிறோம். மாசி மாதத்தில் ஒரு பின்னேரம், ஏறத்தாழ 65 கிலோ எடையுள்ள மூடைகள் 45 ஏற்றிக்கொண்டு, அதாவது மூன்று தொன்னுக்குச் சற்றே குறைந்த பாரத்தோடு, வாய்க்கால் மதகைத் தாண்டி வீதிக்கு ஏறும்போது, பெட்டியை உழவு இயந்திரத்தோடு பூட்டும் இழுவைத் தண்டின் இரண்டு கால்களில் இடக்கால் அறுந்தது. வலக்கால் வளைந்து தாங்கியபடியால் பெட்டி முற்றாகக் கழன்று போகவில்லை; ஆனால் முன்பக்கம் நிலத்தில் குத்தி, மூடைகள் சரிந்தன. மூடைகளுக்கு மேல் இருந்த என் தம்பியின் மகன் வயல் பக்கமாகக் குதித்துத் தப்பினான். அவன் மறுபக்கம் குதித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற எண்ணம் இன்றைக்கும் என்னை விடவில்லை. பெட்டிக்கு மேல் ஆளை ஏற்றும் வழக்கத்தை அன்றோடு நிறுத்திவிட்டோம்.

அறுந்த முகத்தைக் கைவிளக்கு வைத்துப் பார்த்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. தண்டின் கால் செய்த சனல் இரும்பின் (‘ப’ வடிவச் சட்டத்தின்) வெட்டு முகத்தில் மூன்றில் இரண்டு பங்கு கறள் ஏறிக் கபில நிறமாக இருந்தது. மிச்ச ஒரு பங்கு மட்டுமே புது இரும்பாகப் பளபளத்தது. அன்று உடைந்தது அந்த ஒரு பங்கு மட்டும்தான். மற்ற இரண்டு பங்கும் பல மாதங்களுக்கு முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெடித்துக்கொண்டு வந்திருக்கிறது, நாங்கள் அதை அறியாமலே அதன் மேல் மூடை ஏற்றியிருக்கிறோம். வெடிப்பு தொடங்கிய இடம், அதற்கு முந்தைய வருடம் வேறொரு பட்டறையில் வைத்து ஒட்டிய பலகைத் தகட்டின் விளிம்பு. ஒரு சிறு கீறல் தெரிகிறது என்று கொண்டுபோனபோது, அந்தப் பட்டறையில் பெயின்டைக்கூட முழுதாகச் சுரண்டாமல் நீள்சதுரத் தகடு ஒன்றை மேலே வைத்து நான்கு பக்கமும் ஒட்டித் தந்தார்கள். அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது, கூலியும் குறைவு. தகடு தடிப்பாக இருந்ததால் பலமாகிவிட்டது என்று நானும் நம்பினேன்.

சம்மாந்துறைக்குப் பெட்டியை பூம் ட்ரக்கில் (பாரந்தூக்கி பூட்டிய லொறியில்) ஏற்றித்தான் கொண்டுபோனோம். அறுந்த தண்டைக் கட்டி இழுத்துக்கொண்டு நாவிதன்வெளி வழியாகப் போய்விடலாம் என்று சிலர் சொன்னார்கள், நான் உடன்படவில்லை. பட்டறைக்காரர் அறுபதை நெருங்கிய ஒரு காக்கா; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்போம். வந்து பார்த்தவர், உடைந்த இடத்தை ஒரு நிமிடத்துக்கு மேல் பார்க்கவில்லை. "இது உடைஞ்சது எனக்குத் தெரியும் தம்பி. உடையாமக் கிடக்கிறத்தான் பாக்கணும். கழுவிப்போட்டுப் பேசுவம்" என்றார். எனக்கு அது புதிய பேச்சாக இருந்தது.

கழுவுவது என்றால் மேலால் தண்ணீர் அடிப்பதன்று. பெட்டியைக் கவிழ்த்து மரக் குற்றிகளில் அமர்த்தி, தளத் தகட்டுக்கும் குறுக்குச் சட்டங்களுக்கும் இடையில் இறுகிக் கிடந்த சேற்றையும் வைக்கோலையும் கம்பியால் குத்தி வெளியேற்றினார்கள். ஒரு வாளி நிறைய வந்தது. அந்த இடுக்குகளில் ஈரம் மாரி முடிந்தும் காய்வதில்லை. நாங்கள் அதே பெட்டியில் நெல்லோடு நிற்காமல் யூரியாவும் எம்.ஓ.பி. உரமும் ஏற்றுகிறோம்; எம்.ஓ.பி. என்பது பொற்றாசியம் குளோரைட்டு, கிழிந்த பையிலிருந்து சிந்தி ஈரத்தோடு சேர்ந்தால் கடல் உப்பைப் போலவே இரும்பை அரிக்கும். கல்முனைப் பக்கமிருந்தோ களுவாஞ்சிகுடிப் பக்கமிருந்தோ கரையோர மணல் ஏற்றுகிறவர்களுக்கும் இதே கதிதான்.

கழுவி முடிந்ததும் சிறு சுத்தியலோடு அடிச்சட்டம் முழுவதையும் ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு தடவையாகத் தட்டிக்கொண்டு போனார். நல்ல இரும்பு கணீரென்று ஒலித்தது. பின்குறுக்குச் சட்டத்துக்கு வந்தபோது ஒலி பொத்தென்று அடங்கியது. அது பெட்டி இரும்பு, அதாவது நான்கு பக்கமும் மூடிய குழாய். வெளியே பெயின்ட் நன்றாகவே இருந்தது. அடிப்பக்கத்தில் துளையொன்று போட்டதும், தேயிலைச் சாயம் போல ஒரு தேத்தண்ணீர்க் கோப்பை அளவு தண்ணீர் வழிந்தது. பின் கதவுப் பிணைச்சல் ஒட்டிய இடத்தில் இருந்த ஊசித் துளை வழியாக மழைநீர் உள்ளே போய், வெளியேற வழியின்றி ஒன்பது வருடமாக உள்ளிருந்தே அரித்திருக்கிறது. வெளியில் பெயின்ட் அடித்து அடித்து நான் காப்பாற்றி வந்ததாக எண்ணிய சட்டம் அது. இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் இடங்களில் கறள் எப்படி வேலை செய்கிறது என்பதையும் காட்டினார். கறள் தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால், நடுவில் வளர வளரத் தகடுகளை நெம்பிப் பிரித்து வெல்டிங் ஒட்டையே வெடிக்க வைக்கிறது. தகட்டின் விளிம்பு நேர்கோடாக இல்லாமல் அலையாக வீங்கியிருந்தால் உள்ளே இதுதான் நடக்கிறது.

இந்தப் பட்டறையை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டிய வேலை அதன் பிறகே நடந்தது. ஒட்டு இருக்கும் இடங்களில், குறிப்பாக இழுவைத் தண்டு முன்குறுக்குச் சட்டத்தோடு சேரும் மூலைகளிலும், அச்சுக்கு மேல் அதிர்வு தாங்கும் வில்லுத்தகடுகளைப் பிடித்திருக்கும் காதுகளிலும், அச்சின் முனை தடிப்பிலிருந்து மெலியும் கழுத்திலும், பெயின்டையும் கறளையும் கம்பித் தூரிகையால் வெறும் இரும்பு தெரியும் வரை எடுத்தார்கள். கரைசல் ஊற்றி எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டுச் சிவப்புத் திரவம் ஒன்றை விசிறினார்கள். ஒரு கால் மணி நேரம் அப்படியே விட்டார்கள். பிறகு துணியில் கரைசலை நனைத்து மேற்பரப்பிலுள்ள சிவப்பைத் துடைத்தார்கள்; கரைசலை நேரே இரும்பில் ஊற்றினால் கீறலுக்குள் போன சிவப்பும் கழுவப்பட்டுவிடும் என்பதால் துணியால்தான் துடைக்க வேண்டுமாம். கடைசியாக வெள்ளைத் தூள் விசிறினார்கள்; கீறலுக்குள் தங்கிய சிவப்பை அது வெளியே உறிஞ்சிக் காட்டும்.

வலக்காலின் மூலையை நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் சுண்ணாம்பு பூசியது போல எல்லாம் வெள்ளை. ஒன்றிரண்டு நிமிடத்தில் ஒட்டின் விளிம்பை ஒட்டினாற்போல மெல்லிய சிவப்பு நூல் ஒன்று ஊறி வந்தது. தலைமயிரின் பருமன்கூட இல்லை. சிறிது சிறிதாகக் கசிந்து தடித்து, ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் நீளத்துக்கு நின்றது. அதே இடத்தைச் சற்று முன்பு வெறும் கண்ணால் பார்த்து ஒன்றுமில்லை என்று நான்தான் சொன்னேன். இடக்கால் அறுந்ததையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தபோது வலக்காலும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தது. மற்ற பட்டறைகளில் இடக்காலை மட்டும் ஒட்டி அனுப்பியிருப்பார்கள், நானும் நிம்மதியாக அடுத்த நாளே மூடை ஏற்றியிருப்பேன்.

ஏன் அந்த மூலை மட்டும் திரும்பத் திரும்ப வெடிக்கிறது என்று கேட்டேன். இரண்டு சில்லுப் பெட்டியில் பாரத்தின் ஒரு பங்கு எப்போதும் இழுவைத் தண்டின் மேல் இருக்கிறது. வீதியில் ஒவ்வொரு குழிக்கும் தண்டு மேலும் கீழுமாக வளைகிறது. வயலில் ஒரு சில்லு பள்ளத்திலும் மற்றது வரம்பிலும் ஏறும்போது முறுகுகிறது. உழவு இயந்திரம் பிரேக் பிடிக்கும்போது பிரேக் இல்லாத பெட்டி பின்னாலிருந்து முழுப் பாரத்தோடு தள்ளுகிறது. இவை எல்லாம் வந்து கூடுகிற இடம் அந்த மூலைதான். மூடைகளை முன்பக்கம் குவித்து ஏற்றுகிற எங்கள் பழக்கம் அதை இன்னும் கூட்டுகிறது. இதோடு நான் சேர்த்துச் சொல்ல விரும்புவது ஒன்று. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் அந்தப் பக்கத்தவர்கள் வாவியைக் கடக்கப் பாதையை, அதாவது வாகனம் ஏற்றும் மிதவைப் படகை, நம்பியிருந்தார்கள். இன்று பாலமும் காபெட் வீதியும் வந்து, வயலுக்கும் களத்துக்கும் என்று செய்த பெட்டிகள் பெரும் பாரத்தோடு நெடுந்தூரம் வேகமாக ஓடுகின்றன. வீதி நன்றாகியது நமக்கெல்லாம் பெரும் ஆறுதல், ஆனால் பெட்டியின் சட்டம் அதே பழைய சட்டம்.

நான் நம்பியிருந்த அந்தத் தகட்டைப் பற்றியும் விளக்கம் கிடைத்தது. நீள்சதுரத் தகட்டின் இரு முனைகளிலும் சனலுக்குக் குறுக்காக ஒட்டுப் போட்டால், தகடு உள்ள பகுதி விறைத்துப்போய், வளைவு முழுவதும் தகடு முடிகிற அந்த ஒரே கோட்டில் விழும். ஒட்டும் சூட்டினால் அங்கே இரும்பும் ஏற்கெனவே இறுகிப் போயிருக்கும். பழைய கீறலை எடுக்காமல் மேலால் மூடியது முதல் பிழை, குறுக்காக ஒட்டியது இரண்டாவது.

திருத்த வேலையை இரண்டு நாள் பக்கத்திலிருந்து பார்த்தேன். இடக்காலை முழுதாகக் கழற்றி, அதே தடிப்பில் புதிய சனல் வைத்தார்கள். வலக்காலில் கீறலின் நுனி எதுவென்று சிவப்புக் கோட்டைக் கொண்டு அடையாளம் வைத்து, நுனியைச் சற்றுத் தாண்டி 6 மில்லிமீற்றர் துளை போட்டார்கள். வட்டத் துளைக்கு வந்தால் கீறல் மேற்கொண்டு ஓட வழியில்லாமல் நிற்கும். பிறகு கீறலை கிறைண்டரால் வாய்க்கால் போலத் தோண்டி முற்றாக எடுத்து, எடுபட்டுவிட்டதா என்று மறுபடி சிவப்பு விசிறிப் பார்த்து, அதன் பின்னரே ஒட்டினார்கள். ஒட்டியது வழக்கமான 6013 வெல்டிங் ரொட்டால் (ஒட்டும் கம்பியால்) அல்ல, 7018 ரொட்டால். அது ஈரம் பட்டால் கெட்டுப்போகும் வகை என்பதால் பட்டறையில் அதற்கென்று சூட்டுப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறார்கள், அதிலிருந்து எடுத்த ரொட்டைக் கொஞ்ச நேரத்துக்குள் பாவித்துவிடுகிறார்கள். வாவிக் காற்று வீசும் எங்கள் ஊரில் திறந்த பொதியில் கிடக்கும் ரொட்டால் ஒட்டுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒட்டை உடைத்துப் பார்த்தால்தான் தெரியும். பலப்படுத்த வைத்த தகட்டின் இரு முனைகளையும் பட்டம் போலக் கூராக வெட்டி, சனலின் நடுப்பட்டியில் நீளவாக்கில் பொருத்தினார்கள். கூராக மெலிந்து போவதால் விறைப்பு ஓரிடத்தில் சட்டென்று முடிவதில்லை. இன்னொரு சிறு விடயம்: வெல்டிங்கின் எர்த் கவ்வியைச் சில்லுப் பக்கம் பூட்டாமல், ஒட்டுகிற இடத்துக்கு அருகிலேயே பூட்டினார்கள். மின்சாரம் பெயாரிங் வழியாகப் போனால் உருளைகளில் பொறி பாய்ந்து பெயாரிங் கெட்டுவிடும்.

அளவுகளும் எடுத்தார்கள். கொக்கி பூட்டும் துளையின் நடுவிலிருந்து அச்சின் இடமுனைக்கும் வலமுனைக்கும் உள்ள தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் பெட்டியில் 12 மில்லிமீற்றர் வித்தியாசம் இருந்தது. இடப்பக்க ரயர் மட்டும் ஏன் ஒருபக்கமாகத் தேய்கிறது என்று இரண்டு வருடமாக நான் ரயரைக் குறை சொல்லிக்கொண்டிருந்ததற்கு விடை அதுதான். அச்சை வில்லுத்தகட்டோடு பிணைக்கும் யூ போல்ட்டுகள் தளர்ந்து, வில்லுத்தகட்டின் நடு ஆணி தேய்ந்து, அச்சு பின்னுக்கு நகர்ந்திருந்தது. ஆணியை மாற்றி, அச்சை நேராக்கி, யூ போல்ட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ஸ்பெனரால் இறுக்கினார்கள். சட்டத்தின் மூலைவிட்டங்களிலும் சிறிய வித்தியாசம் இருந்தது, ஆனால் அதை நிமிர்த்தப் போனால் நன்றாக இருக்கும் ஒட்டுகளையும் குலைக்க வேண்டிவரும் என்று விட்டுவிடச் சொன்னார்கள். வேலையைக் கூட்டிக் காசு வாங்கக்கூடிய இடத்தில் வேண்டாம் என்று சொன்னதை நான் மதிக்கிறேன். பெயாரிங்குகளைக் கழுவி, புது கிறீஸ் வைத்து, புது ஸ்பிளிட் பின் போட்டார்கள். அதில் குறையொன்றும் இல்லை.

பரிசோதனைக்கு மட்டும் 6,000 ரூபாய். இரும்பு, கூலி, வில்லுத்தகட்டு வேலை, கறள் தடுக்கும் பூச்சு எல்லாம் சேர்த்து மொத்தம் 84,000 ரூபாய் ஆனது. முந்தைய பட்டறையில் கொடுத்ததோடு ஒப்பிட்டால் பெருந்தொகைதான். ஆனால் அன்று பெட்டி உடைந்து, மூடை மாற்ற ஆள் பிடித்து, வேறு பெட்டி வாடகைக்கு எடுத்து, மழை இருட்டிக்கொண்டு வர நெல் நனையுமோ என்று வீதியில் நின்ற இரவையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கிறவனுக்கு அது பெரிதாகத் தெரியாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதலில் சொன்ன தொகை 60,000. பின்குறுக்குச் சட்டம் உள்ளே அரித்திருந்தது தெரிய வந்ததும் கூடியது. கூடுவதற்கு நியாயம் இருந்தது, ஆனால் கூடப்போகிறது என்பதை வேலை முடிந்த பின்பே சொன்னார்கள். முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். பரிசோதனை முடிவைக் கொப்பித் தாள் ஒன்றில் பேனாவால் எழுதித் தந்தார்கள். சிவப்புக் கோடு தெரிந்த நிலையில் படம் எடுத்துத் தந்திருந்தால் அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க உதவியிருக்கும். நான் என் கைத்தொலைபேசியில் எடுத்ததால் தப்பியது. பூச்சு வேலை வெல்டிங் வேலையின் தரத்துக்கு இல்லை. இடப்பக்க வில்லுத்தகட்டுக் காதின் உட்புறம் பூச்சே படாமல் விடுபட்டு, ஐந்தாம் மாதத்தில் கறள் பூத்தது. கொண்டுபோய்க் காட்டியதும் முகம் சுளிக்காமல் சுரண்டித் திரும்ப அடித்துத் தந்தார்கள், காசு வாங்கவில்லை. பின் விளக்கு, ஒளித்தெறிப்புப் பட்டி போன்றவற்றை அவர்கள் செய்வதில்லை. இரவில் வீதியில் நிற்கும் பெட்டியில் வந்து மோதிய மோட்டார் சைக்கிள்கள் எங்கள் பக்கம் எத்தனையோ. அதையும் ஒரே இடத்தில் செய்து தந்தால் பலர் செய்துகொள்வார்கள் என்று காக்காவிடம் கேட்டிருக்கிறேன்.

பெட்டியைத் திரும்ப எடுக்கும்போது சில வேலைகளை எங்கள் பொறுப்பில் விட்டார். முதல் பாரம் ஏற்றி 50 கிலோமீற்றர் ஓடியதும் சில்லு நட்டுகளையும் யூ போல்ட்டுகளையும் திரும்ப இறுக்க வேண்டும். இறுக்கினேன், நான்கு நட்டுகள் கால் சுற்று ஏறின. உரம் ஏற்றிய அன்றே கழுவ வேண்டும். சட்டத்தின் அடியில் போட்டுத் தந்த நீர் வடியும் துளைகளைச் சேறு அடைக்காமல் கம்பியால் குத்திவிட வேண்டும். கொக்கி ஆணியும் அது போகும் கண்ணும் தேய்கின்றனவா என்று போகத்துக்கு ஒரு தடவை அளந்து பார்க்க வேண்டும். ஒட்டின் ஓரத்தில் பெயின்டில் மயிர்க்கோடு போல ஒரு வெடிப்போ, அதிலிருந்து கபிலக் கசிவோ தெரிந்தால் பாரம் ஏற்றக் கூடாது. மூடைகளை அச்சுக்கு மேல் நடுவாக வைத்து, முன்பக்கம் சற்றே கூடுதலாக இருக்கும்படி ஏற்றச் சொன்னார். எல்லாவற்றையும் முன்னே குவிப்பது பிழையென்றால் எல்லாவற்றையும் பின்னே தள்ளுவது அதைவிடப் பிழை, தண்டு மேலே தூக்கி உழவு இயந்திரத்தின் பின்சில்லுப் பிடிப்பைக் குறைத்துவிடும்.

சிறுபோக அறுவடை முடிந்ததும் புரட்டாதியில் பெட்டியை மறுபடி கொண்டுபோய், இழுவைத் தண்டின் இரண்டு மூலைகளுக்கும் மட்டும் சிவப்பு விசிறிப் பார்க்கச் சொன்னேன். வெள்ளைத் தூள் வெள்ளையாகவே இருந்தது. கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டே வந்தேன். இடப்பக்க ரயரும் இப்போது சீராகத் தேய்கிறது.

போக நினைப்பவர்கள் அறுவடை தொடங்குவதற்கு ஒரு மாதமாவது முன்னே போக வேண்டும். அறுவடை நேரத்தில் உடைந்து வரும் பெட்டிகளே வரிசையில் நிற்பதால் பரிசோதனைக்கு எடுக்கமாட்டார்கள். எங்கள் பெட்டியே நான்கு நாள் காத்துக் கிடந்து, பிறகு வேலைக்கு இரண்டு நாள் எடுத்தது. பெட்டியை வெறுமையாக, வீட்டிலேயே நன்றாகக் கழுவிக் காயவிட்டுக் கொண்டுபோனால் அரை நாள் மிஞ்சும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மூடினால் பின்னேரம்தான் திறப்பார்கள்.